கிளினிக் கடிதத்தில் ‘டிஸ்போரியா’: இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

நிலாமதி (தெஹிவளை) எழுதியது:

என் மச்சாளைப் பற்றி எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் வந்தால் வேறொரு பிள்ளையாகிவிடுவாள். யாருடனும் கதைக்கமாட்டாள், சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவாள், குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுவாள். மாதவிடாய் தொடங்கி இரண்டொரு நாளில் எல்லாம் வடிந்துவிடும். பிறகு தான் பேசியதை நினைத்து வெட்கப்பட்டு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பாள். பாடசாலைக் காலத்திலிருந்தே இப்படித்தான். ‘அவளுக்குக் கோபம் கூட’ என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

இந்த மாதம் பெண் நோயியல் கிளினிக்குக்குப் போனபோது அங்கிருந்த வைத்தியர் உளநல கிளினிக்குக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ஆங்கிலத்தில் இரண்டு வரி. ‘பிரீமென்ஸ்ட்ருவல் டிஸ்போரிக் டிஸ்ஓர்டர்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். கூடப் போன மாமிக்குத் தாதி சிங்களத்தில் விளக்கியிருக்கிறார். மாமியின் சிங்களம் மரக்கறிக் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். இதற்குப் போதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மச்சாளின் தம்பி அந்த நடுச்சொல்லை மட்டும், டிஸ்போரியா என்று, கைபேசியில் தேடியிருக்கிறான். வந்த பக்கங்களில் பெரும்பாலானவை பாலினம் பற்றியவை: பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக உணர்பவர்கள், ஹோர்மோன், அறுவைச் சிகிச்சை. மாமி அன்றிரவு சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். மச்சாளோ, “இனி நான் எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லை வைத்துத்தான் பார்ப்பார்கள்” என்று அறையைவிட்டு வெளியே வருவதில்லை.

இந்தச் சொல்லின் பொருள்தான் என்ன? ஒரே சொல் எப்படி இரண்டு இடத்திலும் வருகிறது? கேள்விக்குறி எதற்கு? மாமியிடம் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

குமரன் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

பயப்படவேண்டாம் தங்கை. கடிதத்தில் இருப்பது மாதவிடாயுடன் சம்பந்தப்பட்டது என்பது முதற்சொல்லிலேயே தெரிகிறது. மாமியிடம் போய் முதலில் ‘நீங்கள் நினைக்கிறது இல்லை’ என்று சொல்லுங்கள். நல்லவேளை, அது இல்லை. எங்கள் உறவில் ஒரு குடும்பம் அந்த வழியில் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் இருப்பதற்கு மருந்து மாத்திரை இருக்கும்.

சுவாதி (உளநல வைத்தியர்) எழுதியது:

நிலாமதி, உங்கள் மச்சாளைப் பார்க்காமல் அவருக்கு என்ன என்று நான் சொல்லக்கூடாது. சொல்லைப் பற்றிச் சொல்லலாம்.

தனியே நிற்கும்போது டிஸ்போரியா ஒரு நோயின் பெயராகாது. மனம் இருக்கும் ஒரு நிலையைச் சொல்வதற்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் சொல் அது. துயரம், எரிச்சல், அமைதியின்மை, எதிலும் ஒட்டாமை எல்லாம் கலந்து, இருக்கவும் முடியாமல் எழும்பவும் முடியாமல் தவிக்க வைக்கும் நிலை. காய்ச்சல் என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் நாங்கள் டெங்குவா, எலிக்காய்ச்சலா, வேறு ஏதாவதா என்று தேடத் தொடங்குவோம். டெங்குக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் ஒரே சொல்லில் முடிவதால் ஒரே நோயாகிவிடுவதில்லை. உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். முன்சொல்லை விட்டுவிட்டுப் பின்சொல்லைத் தேடியிருக்கிறார்கள்.

இந்த நிலை பல இடங்களில் வரும். மனச்சோர்வு நோயில் வரும். மனம் மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் இடையில் மாறும் இருதுருவ நோயில், உற்சாகம் மிகுந்த கட்டத்திலேயே எரிச்சலும் துயரமும் கலந்து வருவதுண்டு. போதைப்பொருளை நிறுத்தியவர்கள் முதல் நாட்களில் படுகிற பாட்டிலும் இது இருக்கிறது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் மருந்துகூடச் சிலரை ஓரிடத்தில் இருக்கவிடாமல் தவிக்க வைக்கும். ஆகவே இந்தச் சொல்லைக் கண்டால் நாங்கள் கேட்கிற அடுத்த கேள்வி, எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதுதான்.

உங்கள் மச்சாளின் கடிதத்தில் அதற்கான விடையை முதற்சொல்லே சொல்லியிருக்கிறது. மாதவிடாய்க்கு முந்தைய இறுதி வாரத்தில் வருகிறது, மாதவிடாய் தொடங்கிச் சில நாட்களில் தணிகிறது, அடுத்த வாரம் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியதும் அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் உளநோய்க் கையேடு 1987இல் இதையே வேறொரு பெயரில் பின்னிணைப்பில் வைத்திருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் முழு நோயாக உள்ளே எடுத்துக்கொண்டது. அதன்படி குறைந்தது 5 அறிகுறிகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது மனநிலையைச் சார்ந்ததாக இருக்கவேண்டும்: திடீர் அழுகை, எரிச்சல், நம்பிக்கையிழப்பு, பதகளிப்பு இவற்றில் ஒன்று. மற்றவை தூக்கம், பசி, களைப்பு, கவனக்குறைவு, மார்பக வலி, வயிறு ஊதுதல் போன்றவை. படிப்பையோ வேலையையோ உறவுகளையோ அது குலைக்கவும் வேண்டும். வழக்கமான மாதவிடாய் அசௌகரியம் எத்தனையோ பெண்களுக்கு உண்டு. இது அதைவிடப் பல மடங்கு கடுமையானது.

கேள்விக்குறியைக் கண்டு அஞ்சவேண்டாம். ‘இது என்று நினைக்கிறேன், உறுதிப்படுத்துங்கள்’ என்பதற்கான வைத்தியர் வழக்கு அது. உறுதிப்படுத்த இரண்டு மாதவிடாய்ச் சுற்றுக்காவது தினமும் எழுதிவைக்கவேண்டும். நினைவிலிருந்து சொல்வது போதாது. மாதம் முழுவதும் இருக்கும் மனச்சோர்வு இந்த வாரத்தில் மட்டும் கூடித் தெரிவதும் உண்டு. அதற்கான வைத்தியம் வேறு. தைரொய்ட் இரத்தப் பரிசோதனையும் கேட்கக்கூடும்.

மாமியிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளின் ஹோர்மோன் அளவைச் சோதித்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த அளவு ஏறி இறங்குவதை அவர்களுடைய மூளை மற்றவர்களைவிடக் கூடுதலாக உணர்கிறது. குணக்கேடும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை.

தணிகை (வெள்ளவத்தை) எழுதியது:

அரச மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். வைத்தியர் சொன்னதற்கு மேல் மருத்துவம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நிலாமதியின் கடைசிக் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

இந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. முன்பாதிக்குக் கடினம், தீமை என்று பொருள். பின்பாதி சுமத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வருகிறது. சுமக்க அரிது, பொறுக்க அரிது. இதற்குத் தமிழில் ‘அதிருப்தி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கிய துணியில் குறை கண்டால் வருவது அதிருப்தி. ‘ஒவ்வாமை’ என்று எழுதினால் இறால் சாப்பிட்டுத் தடிப்பு வந்தது என்று நினைப்பார்கள். ‘மனச்சோர்வு’ வேறொரு நோய்க்குப் போய்விட்டது. ‘பதகளிப்பு’ இலங்கைத் தமிழில் வேறொன்றுக்கு உறுதியாகிவிட்டது. அதே சொல்லை இதற்கும் கொடுத்தால் நோயாளிதான் குழம்புவார்.

என் தெரிவு ஆற்றாமை. திருக்குறளின் 116ஆம் அதிகாரத்துக்குப் பெயர் பிரிவாற்றாமை. பிரிவைத் தாங்கமுடியாமை. எதைத் தாங்கமுடியவில்லை என்பதை முன்னால் வைத்துத் தாங்கமுடியாமையைப் பின்னால் வைக்கும் அந்த அமைப்பு இங்கே அப்படியே பொருந்துகிறது. போர் பற்றிய நம் உளநல எழுத்துகளில் ‘மனவடு’ வேரூன்றியதற்குக் காரணம், கேட்டவுடன் உடம்பில் படுகிற சொல் அது. ஆற்றாமையும் அப்படிப்பட்டது.

ஒரு வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். 1987இல் 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதப்பட்டுவிட்டது. தலைநகரில் ஒரு தாய் தன் பிள்ளையின் கடிதத்தைத் தன் மொழியில் வாசிக்க இன்றும் வழியில்லை. வைத்தியர்கள் தமக்குள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. அதனுடன் தாயின் மொழியில் நான்கு வரி எழுதிய ஒரு தாள் இருந்திருந்தால் அந்த வீடு அன்றிரவு பட்டினி கிடந்திருக்காது.

இளவேனில் (கொழும்பு) எழுதியது:

நான் திருநம்பி, அதாவது பிறப்பில் பெண்ணாகப் பதியப்பட்ட ஆண். கொழும்பில்தான் இருக்கிறேன், வேலை செய்கிறேன். குமரன் அண்ணாவின் ‘நல்லவேளை’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அவர் தீய எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்தச் சொல் நிற்கிற இடத்தில் நான் நிற்கிறேன், அதனால் பேசவேண்டியிருக்கிறது.

பாலின டிஸ்போரியா என்பது திருநர் என்பதற்கு இன்னொரு பெயராகாது. பிறப்பில் பதியப்பட்ட பாலுக்கும் தான் உணர்கிற பாலினத்துக்கும் இடையிலான பொருந்தாமையிலிருந்து வருகிற வேதனைக்கு அது பெயர். அந்தப் பொருந்தாமை இருந்தும் வேதனை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வேதனை இருந்து, தன்னைத் தன் பெயரில் அழைக்கத் தொடங்கியதும் அது பெருமளவு தணிந்தவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது வகை.

எனக்கு அது எப்போது வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் சுவாதி அக்கா கேட்கச் சொன்ன கேள்வி அதுதான். வங்கியில் அடையாள அட்டையை நீட்டி, உத்தியோகத்தர் அட்டையையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பழைய பெயரை உரத்துக் கூப்பிடும்போது வந்தது. சோதனைச்சாவடியில் ஆண்கள் வரிசையா பெண்கள் வரிசையா என்று தெரியாமல் நின்றபோது வந்தது. கல்யாண வீட்டுக்குச் சேலை எடுத்துவைத்துவிட்டு அம்மா என்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வந்தது. காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அதைத் துயரம் என்று சொன்னால் போதாது. தணிகை ஐயா சொன்ன ஆற்றாமை அதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நோர்மன் ஃபிஸ்க் என்ற உளமருத்துவர் இந்தச் சொற்றொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கையேட்டில் அதன்பின்னும் நெடுங்காலம் ‘பாலின அடையாளக் கோளாறு’ என்றே இருந்தது. அதாவது கோளாறு என் அடையாளத்தில் என்று சொன்னது. 2013இல் அதை எடுத்துவிட்டுப் பாலின டிஸ்போரியா என்று மாற்றினார்கள். வைத்தியம் வேதனைக்கு, ஆளுக்கு அல்ல என்று அந்த மாற்றம் சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி போய், 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 என்ற தன் நோய் வகைப்பாட்டில் இதை உளநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. அங்கே பெயர் ‘பாலினப் பொருந்தாமை’. பாலியல் நலம் சார்ந்த நிலைமைகள் என்ற பகுதியில் இருக்கிறது. வேதனை இருந்தே தீரவேண்டும் என்று அது கேட்பதும் இல்லை.

நிலாமதி அக்கா, உங்கள் மச்சாளுக்கு இருப்பது இது இல்லை என்றால் அதை மாமியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தவறான பயத்தில் ஒரு தாய் இருக்கக்கூடாது. ஆனால் ‘இது இல்லை, நீங்கள் பிழைத்தீர்கள்’ என்ற தொனியில் சொல்லவேண்டாம். அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

குமரன் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

தம்பி இளவேனில், நீங்கள் எழுதியதை முழுவதும் வாசித்தேன். உங்களை நோகடித்துவிட்டேன் என்பது புரிகிறது. ஆனாலும் என் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் சரியில்லை. அடையாளம் நோயில்லை என்கிறீர்கள். அப்படியானால் அமெரிக்கர்களின் உளநோய்க் கையேட்டில் அது ஏன் இன்னும் இருக்கிறது? நம் நாட்டில் ஏன் உளநல வைத்தியரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கவேண்டும்? பெற்றோர் அந்தக் கையேட்டையும் அந்தக் கிளினிக்கையும் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஒரு தாயின் பயத்தை வெறுப்பு என்று சொல்லிவிடவேண்டாம். பிள்ளைக்கு வேலை கிடைக்குமா, வீதியில் அடி விழுமா என்றுதான் அவள் தூங்காமல் கிடக்கிறாள்.

இளவேனில் (கொழும்பு) எழுதியது:

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி அண்ணா. என் அம்மாவின் பயமும் அதேதான், அதை நான் வெறுப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கையேட்டில் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தது. அமெரிக்காவில் வைத்தியச் செலவைக் காப்புறுதி ஏற்கவேண்டுமென்றால் ஒரு நோய்க்குறியீடு வேண்டும். முற்றாக எடுத்துவிட்டால் ஹோர்மோன் வைத்தியமும் உளவளத்துணையும் தேவைப்படுகிறவர்களுக்குக் கதவு சாத்தப்படும். அதனால் பெயரை மாற்றி வைத்துக்கொண்டார்கள். இது போதாது, முழுவதும் எடுக்கவேண்டும் என்று வாதிடுகிறவர்கள் எங்களிடையே நிறையப் பேர். என்னுடைய கருத்தும் ஐ.சி.டி.-11 செய்ததுதான் சரியான வழி என்பது.

இலங்கையில் 2016இல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பற்றிச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. உளநல விசேட வைத்தியர் மதிப்பிட்டுக் கொடுக்கும் அந்தச் சான்றிதழை வைத்துப் பிறப்புச் சான்றிதழில் திருத்தம் கேட்கலாம். அதன்பின் அடையாள அட்டை. வங்கியில் என் பெயரை உரத்துக் கூப்பிட்ட கதைக்கு முடிவு கட்டியது அந்த அட்டைதான். கிளினிக்கில் என்னை யாரும் பைத்தியம் என்று நடத்தவில்லை. ஆனால் நான் யார் என்பதை இன்னொருவர் ஒப்பமிட்டு உறுதிசெய்யவேண்டும் என்பது எனக்கு இன்றும் கனக்கிறது. இரண்டும் உண்மை.

வீதியில் அடி விழுமா என்கிறீர்கள். விழக்கூடும். அதற்கு மாறவேண்டியது வீதி.

மதுரா (பம்பலப்பிட்டி) எழுதியது:

இந்தச் சொல்லை நான் தாயான பிறகு சந்தித்தேன். குழந்தை மார்பில் வாய் வைத்ததும், பால் இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு வெறுமையும் குற்ற உணர்வும் ஒன்றாக எழும். எதன் மீதும் காரணம் சொல்லமுடியாது. அந்த நேரத்தில் குழந்தையின் முகத்தைப் பார்க்கக்கூட மனம் வராது. பால் ஓடத் தொடங்கியபின் ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் போய்விடும். நாள் முழுவதும் நன்றாகச் சிரித்துக்கொண்டு திரிவேன். அடுத்த பாலூட்டலில் மறுபடியும் வரும்.

அம்மம்மா கண்ணூறு என்று சுற்றிப்போட்டார். மாமியார், “பிள்ளையில் விருப்பம் இல்லையா?” என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. கடைசியில் வீட்டுக்கு வந்த மருத்துவமாதுவிடம் சொன்னேன். அவர் இருந்து கேட்டார். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டார். பால் இறங்கும்போது வருகிற டிஸ்போரியா என்று ஒன்று இருக்கிறது என்பதைப் பிறகு ஒரு வைத்தியரிடம் அறிந்தேன். பால் சுரக்க மூளையில் டோபமின் குறையவேண்டும், அந்தக் குறைவு சிலரிடம் சடுதியாக நடப்பதால் இப்படி வருகிறது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு வேறு, அது நாள் முழுவதும் பிடித்து வைத்திருக்கும்.

எனக்கு மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. பெயர் தெரிந்ததும் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. அந்த ஒரு நிமிடம் வரும்போது, இது பால், நான் அல்ல என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். குழந்தை வளர வளரக் குறைந்தது. பால் கொடுக்கிற தாய்மார் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து வாய் திறந்து சொல்லுங்கள். உங்களுக்குப் பிள்ளையில் அன்பு இருக்கிறது.

சரண்யா (மருதானை) எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. டிஸ்மோர்ஃபியா என்பதும் இதுவும் ஒன்றா? என் தோழி தன் மூக்கு கோணலாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். எங்களுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்று, யாராவது வேண்டாம் என்று சொன்னால் தாங்கமுடியாமல் போவதை ‘நிராகரிப்பு டிஸ்போரியா’ என்று இளைஞர்கள் காணொளிகளில் சொல்கிறார்களே, அதுவும் நோயா?

சுவாதி (உளநல வைத்தியர்) எழுதியது:

ஒன்றல்ல, சரண்யா. ஒலி நெருங்கியிருப்பதால் நிறையப் பேர் மாற்றிச் சொல்கிறார்கள். டிஸ்மோர்ஃபியா உருவம் சார்ந்தது. மற்றவர்களுக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிதாகத் தெரிகிற ஒரு குறையில் மனம் சிக்கிக்கொண்டு, கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்பதும் ஒளிவதும் அதில் வரும். இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891இலேயே இதை விவரித்திருக்கிறார். அதற்கு வைத்தியம் உண்டு. உங்கள் தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள், ‘உன் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று வாதாடுவது பயன் தராது. இளவேனிலுக்கு நடந்தது வேறு. அவர் தன் உடலைப் பிழையாகக் காணவில்லை. உள்ளபடியே கண்டார், அதுதான் நொந்தது.

நிராகரிப்பு பற்றிய அந்தப் பெயர் அமெரிக்கக் கையேட்டிலும் இல்லை, ஐ.சி.டி.-11இலும் இல்லை. கவனக்குறை மிகையியக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) உள்ளவர்கள் பலர் தங்கள் அனுபவத்தைச் சொல்ல அதைப் பயன்படுத்துகிறார்கள். அனுபவம் உண்மையானது, நோயறிதல் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

தணிகை ஐயா, உங்கள் ஆற்றாமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கிளினிக்கில் ஒரு தாயிடம் நான் அதைச் சொல்லமாட்டேன் என்று நினைக்கிறேன். இன்றைய காதுக்கு அது வருத்தத்தில் பேசிய பேச்சு, இயலாமை என்று கேட்கிறது. ‘அவனுடைய ஆற்றாமையைக் கொட்டிவிட்டுப் போகிறான்’ என்றுதானே சொல்கிறோம்? நான் ஒரு வசனமாகச் சொல்வேன். ‘மாதவிடாய் வருவதற்கு முந்தைய வாரம் பிள்ளையின் மனம் தாங்கமுடியாமல் தவிக்கிறது.’ இவ்வளவுதான்.

தணிகை (வெள்ளவத்தை) எழுதியது:

வைத்தியர் சொல்வது பேச்சுக்குச் சரி. தாளில் அச்சிடுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே அம்மா. ஒரே பொருளுக்கு வெள்ளவத்தையில் ஒரு சொல், மட்டக்களப்பில் ஒரு சொல் என்று போனால் நோயாளி மறுபடியும் கைபேசியில்தான் தேடுவார். சொல் பழகப் பழகத்தான் கனம் பெறும். என் தெரிவில் நான் நிற்கிறேன். ஆனால் அந்தத் தாயிடம் இன்று சொல்லவேண்டியது உங்கள் வசனம்தான், அதில் எனக்கு வழக்கில்லை.

நிலாமதி (தெஹிவளை) எழுதியது:

நேற்று மாமி வீட்டுக்குப் போனேன். சுவாதி அக்காவின் வசனத்தை அப்படியே சொன்னேன். எலிக்காய்ச்சல் கதையையும் சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, “அப்படியென்றால் ஒவ்வொரு மாதமும் பிள்ளை இதைத் தாங்கிக்கொண்டா இருந்தவள்?” என்று கேட்டார். நான் ஓம் என்றேன். எழும்பிப் போய் மச்சாளின் கதவைத் தட்டினார்.

மச்சாள் இந்த இழை முழுவதையும் வாசித்துவிட்டாள். இளவேனில் எழுதியதை இரண்டு தடவை வாசித்தாள். தம்பியைக் கூப்பிட்டு அவனையும் வாசிக்கச் சொன்னாள். அவன் வாசித்துவிட்டு, ‘இன்னொரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கலாம்’ என்ற வரியைப் பற்றி அவளிடம் தனியாக ஏதோ கேட்டிருக்கிறான். என்ன என்று அவள் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உளநல கிளினிக் திகதி அடுத்த மாதம். அதுவரைக்கும் தினமும் எழுதவேண்டும் என்றால் என்ன எழுதுவது? எல்லாப் படிவமும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மருந்து என்றால் காலம் முழுவதும் குடிக்கவேண்டுமா என்று மாமி கேட்கிறார். அடிமையாகிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு.

குமரன் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

நல்ல செய்தி தங்கை. தம்பி இளவேனில், அடுத்த தடவை எங்கள் உறவுக் குடும்பத்தைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையுடன் நானே இருந்து கதைக்கப் பார்க்கிறேன். இதுவரை பெற்றோரிடம் மட்டும்தான் கதைத்திருக்கிறேன்.

இளவேனில் (கொழும்பு) எழுதியது:

கதையுங்கள் அண்ணா. எந்தப் பெயரில் கூப்பிடவேண்டும் என்று அந்தப் பிள்ளையிடமே முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு தானாக வரும்.

சுவாதி (உளநல வைத்தியர்) எழுதியது:

நிலாமதி, படிவம் தேவையில்லை. ஒரு சாதாரண கொப்பி போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி. திகதி, அன்று மாதவிடாயா இல்லையா, தூக்கம் எப்படி, பசி எப்படி, எரிச்சல், அழுகை, பதகளிப்பு, உடல் வலி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை ஒரு எண் போடட்டும். 1 என்றால் இல்லவே இல்லை, 6 என்றால் மிகக் கடுமை. விரிவுரைக்குப் போனாளா, யாருடனாவது சண்டையா என்பதையும் ஓரத்தில் எழுதலாம். படுக்கப்போகும் முன் எழுதவேண்டும், மறுநாள் நினைத்து எழுதக்கூடாது. நல்ல நாட்களையும் விடக்கூடாது. நல்ல நாட்கள் எங்கே விழுகின்றன என்பதை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்கிறோம். தமிழில் எழுதட்டும். எண்கள் எல்லாருக்கும் விளங்கும்.

மருந்து பற்றி. இதற்கு முதலில் நினைப்பது ஃபுளுஒக்செட்டீன், செர்ட்ரலீன் போன்ற மாத்திரைகள். மனச்சோர்வுக்குக் கொடுத்தால் வேலை செய்ய வாரங்கள் எடுக்கும், இந்த நிலையில் சில நாட்களிலேயே பலன் தெரியும். அதனால் சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மட்டும் கொடுப்பதும் உண்டு. இவை அடிமைப்படுத்துகிற மருந்துகள் அல்ல. ஆனால் எடுப்பதையும் நிறுத்துவதையும் வைத்தியர் சொன்னபடி செய்யவேண்டும். சில வகைக் கருத்தடை மாத்திரைகளும் உதவும். அதற்கு இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் இரத்தக்கட்டு இருந்ததா என்று கேட்டுத்தான் கொடுப்பார்கள். எண்ணங்களைக் கையாளப் பழக்கும் உளவளத்துணையும் உண்டு. எது என்பதை உங்கள் மச்சாளும் அந்த வைத்தியரும் பேசி முடிவெடுக்கட்டும். மாமி கூட இருக்கட்டும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் வேண்டும் என்று பதிவு செய்யும் இடத்திலேயே கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இரண்டு சுற்று முடியவில்லை என்று கிளினிக் திகதியைத் தள்ளிப்போடவேண்டாம். எழுதியவரை கொண்டுபோகட்டும். அந்த வாரத்தில் வாழவேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா என்று யாராவது அவளிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வருகிறது என்று சொன்னால் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவானால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.